12 வயசு பையன தனியா சைக்கிள்ல ஆயா வீட்டுக்கு அனுப்பலாமா? கடலூர், பாண்டிக்காரங்க சொல்லுங்க

கெடிலக்கரை எழுதியது:

வணக்கம் எல்லாருக்கும். இங்க படிச்சிட்டு மட்டும் போற ஆளு நான், இன்னிக்கு ஒண்ணு கேட்டே ஆகணும்னு தோணுச்சு.

எனக்கு வயசு 44, திருப்பாப்புலியூர்ல வீடு. பையனுக்கு 12 முடிஞ்சுது. எங்கம்மா மஞ்சக்குப்பத்துல என் தம்பி வீட்டுல இருக்காங்க, அண்ணா பாலம் தாண்டிட்டா அப்புறம் பக்கம்தான், சைக்கிள் மிதிச்சா மொத்தமே கால் மணி நேரம். பையன் ஒரு மாசமா ஆயா வீட்டுக்கு நான் தனியா போறேன்பான்னு கேட்டுகிட்டே இருக்கான், நான் சரி போடான்னு சொல்லிட்டேன், அதுலேர்ந்து வீட்டுல யாரும் யார்கிட்டயும் சரியா பேசறதில்ல. மனைவி முடியவே முடியாதுங்கறாங்க. அதைக்கூட விடுங்க, என்னை எட்டு வயசுல மண்ணெண்ண டின்ன கையில குடுத்து ரேஷன் கடை வரிசையில நிக்க அனுப்பின எங்கம்மா, அவங்களே போன்ல ‘புள்ளைய ரோட்டுல விடறியாடா’ன்னு அழுவுறாங்க.

நான் வளந்தது வேற மாதிரி. லீவு விட்டா காலைல பழைய சோறு குடிச்சிட்டு கெளம்பினா மறுபடி பசிச்சாதான் வீடு. கெடிலத்துல தண்ணி வத்தின மாசத்துல மணல்ல ஊத்து தோண்டி ஊறுற தண்ணிய அள்ளி குடிச்சிருக்கோம், ஒரே சைக்கிள்ல மூணு பேர் ஏறி தேவனாம்பட்டினம் போயிருக்கோம், அங்க டேவிட் கோட்டை செவுரு இடிஞ்சு கெடக்குமே, அதுக்கடியில சுரங்கம் இருக்குன்னு எவனோ சொல்லப்போய் ஒரு முழு லீவும் அதத் தேடியே போச்சு. நாங்க எங்க இருக்கோம்னு வீட்டுல யாருக்கும் தெரியாது, தெரிஞ்சுக்கணும்னு அவங்களும் நெனைக்கலன்னுதான் நான் இவ்ளோ வருஷமா நம்பிகிட்டு இருக்கேன்.

ஒண்ணு மட்டும் விவரமா சொல்றேன், என் கேள்வியே அதுலேர்ந்துதான் வருது. எனக்கு ஏழு வயசு, தை அஞ்சாம் நாள் ஆத்துத்திருவிழா, பெண்ணையாத்துல ஆல்பேட்டை பக்கம். ஊர்ப்பட்ட சாமியும் தீர்த்தவாரிக்கு வரும், மணல் தெரியாத அளவுக்கு ஜனம். அப்பா கைய எங்க விட்டேன்னு தெரியல, பலூன்காரர் பின்னாடியே போயி காணாம போய்ட்டேன். அழுதுகிட்டு நின்னப்ப சுருளிக்கெழங்கு வித்துகிட்டு இருந்த ஒரு ஆயா என் சட்டைய புடிச்சு இழுத்து பக்கத்துல உக்கார வச்சாங்க. ‘நவுராத, நீயும் தேடி அவங்களும் தேடினா பொழுதுக்கும் கெடைக்க மாட்டீங்க, அவங்க தேடட்டும், நீ உக்காரு’ன்னாங்க. தனக்குன்னு வேகவச்சு முந்தானையில முடிஞ்சு வச்சிருந்த கெழங்குல ஒண்ண எடுத்து தோலுரிச்சு குடுத்தாங்க, அதுல மணலு ஒட்டியிருந்துச்சு, பல்லுல நறநறன்னு பட்டது இன்னும் ஞாபகம் இருக்கு. வியாபாரத்த பாத்துகிட்டே போறவங்க வரவங்க எல்லார்கிட்டயும் ‘ஊதா சட்டை புள்ள இங்க இருக்குன்னு சொல்லுங்க, ஊதா சட்டை’ன்னு குரல் குடுத்துகிட்டே இருந்தாங்க. ரொம்ப நேரம் கழிச்சு அப்பா வந்தாரு, அடிக்கல, அந்த ஆயாகிட்ட நாலு கூறு கெழங்கு வாங்கினாரு, அவ்ளோதான். அடுத்த வருஷமும் கூட்டிட்டுப் போனாரு. மணல்ல எறங்கும்போது சொன்னது ஒண்ணுதான்: ‘காணாம போனா கெழங்கு விக்கிற ஆயாகிட்ட போய் உக்காந்துக்கோ.’

இப்ப என் பையனுக்கு நாங்க சொல்லி வச்சிருக்கறது என்ன? தெரியாதவங்ககிட்ட பேசாத, யார் என்ன குடுத்தாலும் வாங்காத, யாராவது கைய புடிச்சா கத்து. 2018 மே மாசம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் குலதெய்வம் கும்பிட வந்த ஒரு வயசான அம்மா வழியில கொழந்தைங்களுக்கு சாக்லேட் குடுத்ததுக்கு, வாட்ஸ்அப்ல வந்தத நம்பி, புள்ள புடிக்க வந்தவங்கன்னு சொல்லி அடிச்சே கொன்னுட்டாங்க. அந்த செய்திய படிச்ச அன்னிக்கு எனக்கு அந்த கெழங்கு ஆயா முகம்தான் வந்துச்சு. அவங்க இன்னிக்கு ஒரு புள்ளையோட சட்டைய புடிச்சு இழுத்தா என்ன ஆகும்?

அனுப்பலாமா வேணாமா சொல்லுங்க. அனுப்பினா என்ன சொல்லி அனுப்பறது, அதையும் சொல்லுங்க.

குருசுக்குப்பம் 73 எழுதியது:

தம்பி, நான் பாண்டி. உங்களவிட பத்து வயசு பெரியவன், அதனால நீங்க பாக்காத ஒண்ணையும் பாத்தவன்.

எங்களுக்கு கடல்தான் விளையாட்டு மைதானம். குருசுக்குப்பத்துலேர்ந்து எறங்கினா மணல், நல்லா அகலமான மணல், வலை காய வச்சிருப்பாங்க, கட்டுமரம் நிக்கும், அதுக்கு நடுவுல கபடி ஆடிகினு இருப்போம். மணி பாக்க வாட்சு யார்கிட்ட இருந்துச்சு, மில் சங்குதான் எங்களுக்கு மணி. சாயங்கால சங்கு ஊதிட்டா வீட்டுல தலைய எண்ணிடுவாங்க, அதுக்குள்ள வாசல்ல நிக்கணும், அது ஒண்ணுதான் சட்டம், மத்தபடி எங்க போன இன்னா பண்ணன்னு ஒரு கேள்வி கெடையாது. கொஞ்சம் பெரிய பசங்க எல்லாம் துப்ராயப்பேட்டையில கடலுக்குள்ள நீட்டி கட்டின பாலத்து மேலேர்ந்து குதிப்பாங்க, நான் ஒரே ஒரு தடவ குதிச்சேன், மூக்குல காதுல எல்லாம் உப்புத்தண்ணி ஏறி ரெண்டு நாள் ஜுரம், வீட்டுல காரணம் சொல்லல.

80கள் கடைசியில அரியாங்குப்பம் முகத்துவாரத்துல துறைமுகத்துக்கு கல்லு செவுரு போட்டாங்க. நம்ம கரையில மணல் வருஷத்துல பாதிக்கு மேல தெக்கேர்ந்து வடக்க நடந்துகினே இருக்கும், அது அங்கயே தேங்கிடுச்சு, வடக்க இருக்கற எங்களுக்கு வரல. கடல் வந்து வந்து இருந்த மணலையும் தின்னுடுச்சு. அப்புறம் கருங்கல்லா கொட்டினாங்க. நாங்க கபடி ஆடின எடம் இப்ப பாறை. எனக்கு கல்யாணம் ஆகி புள்ள பொறந்து அவனுக்கு நடக்கத் தெரிஞ்சப்ப அவன எறக்கி விட மணலே இல்ல, பாறை மேல உக்கார வச்சு கடலக் காட்டினேன். தலைமைச் செயலகத்துக்கு எதிர்ல கடலுக்குள்ள செயற்கைத் திட்டு எறக்கினப்புறம் அங்க கொஞ்சம் மணல் சேந்திருக்கு, பாத்தா சந்தோஷமாத்தான் இருக்கு. நான் குதிச்ச பாலமும் 2022 மார்ச்ல ஒரு பக்கம் இடிஞ்சு விழுந்துச்சு, அன்னிக்கு சாயங்காலம் போயி ரொம்ப நேரம் நின்னுகினு இருந்தேன்.

எல்லாரும் இப்ப இருக்கற அப்பா அம்மா பயந்தாங்கொள்ளிங்கறாங்க, எனக்கு அத கேட்டா கோவம் வரும். வெளிய அனுப்பணும்னா வெளின்னு ஒண்ணு இருக்கணும்ல? உங்க ஊர்ல இன்னும் மணல் இருக்கு, ஆறு இருக்கு, ஆயா வீடு கால் மணி நேரத்துல இருக்கு. அனுப்புங்க தம்பி.

வேன் அண்ணன் எழுதியது:

நான் இதே ஊர்ல ஸ்கூல் வேன் ஓட்டறேன் சார், 14 வருஷம். ரோடு விஷயம் மட்டும் சொல்றேன். பாலத்து மேல காலைல எட்டுலேர்ந்து ஒன்பதரை வரைக்கும் சாயங்காலம் நாலுலேர்ந்து ஏழு வரைக்கும் அனுப்பவே அனுப்பாதீங்க, பஸ்ஸு ஓரம் கட்டும்போது சைக்கிள்ல வர்ற புள்ள எங்களுக்கு கண்ணாடியில தெரியாது, இது சத்தியம். ஞாயித்துக்கிழமை காலைல ஆறரைக்கு அனுப்புங்க. பாலம் ஏறும்போது எறங்கி தள்ளிகிட்டு போகச் சொல்லுங்க, அவமானம் ஒண்ணும் இல்ல. முதல்ல நாலு தடவ நீங்க பின்னாடி வண்டியில போங்க, அவனுக்கு தெரியாம இல்ல, தெரிஞ்சே போங்க. சாயங்காலம்னா சைக்கிளுக்கு பின்னாடி சிவப்பு ரிஃப்ளெக்டர் இருக்கான்னு பாருங்க.

பலாத்தோப்பு எழுதியது:

அண்ணா, நீங்க எழுதினத ரெண்டு தடவ படிச்சேன், கெழங்கு ஆயா வர்ற எடத்துல கண்ணு கலங்கிடுச்சு. ஆனா இந்த மாதிரி ‘நாங்கல்லாம் அந்த காலத்துல’ன்னு யார் எழுதினாலும் எனக்கு உள்ள ஒண்ணு குத்தும், அத இன்னிக்கு சொல்லிடறேன்.

நான் பண்ருட்டி பக்கம், முந்திரிக்காடு. எனக்கும் அந்த சுதந்திரம் இருந்துச்சு, பன்னண்டு வயசு வரைக்கும். மாசி பங்குனியில முந்திரித் தோப்புல பழம் பொறுக்கப் போவோம், பழத்த கடிச்சு சப்பினா தொண்டை கரகரன்னு இருக்கும், உப்பு தொட்டு தின்னா தெரியாது, பாவாடையில பட்ட கறை எத்தன தொவச்சாலும் போவாது. பச்சைக் கொட்டைய சருவுல போட்டு கொளுத்துவோம், ஓட்டுல இருக்கற எண்ணெய் சுர்ருனு தெறிச்சு எரியும், அது கையில பட்டா தோலு வழண்டு போயிடும். என் வலது கை கட்டை விரல் பக்கத்துல இன்னும் அந்த தழும்பு இருக்கு. எரிஞ்சு முடிஞ்சதும் மண்ண போட்டு அணைச்சு, கல்லால தட்டி, கரியோட கரியா பருப்ப எடுத்து ஊதித் தின்போம், அந்த ருசிக்கு இன்னிக்கு கிலோ என்ன வெலை குடுத்தாலும் ஈடு கெடையாது. 2011 டிசம்பர் 30 விடியக்காலம் தானே புயல்ல எங்க தோப்புல முந்திரியும் பலாவும் வேரோட சாஞ்சுது, நாங்க கொளுத்தி விளையாடின மரம் ஒண்ணுகூட நிக்கல.

பன்னண்டுக்கப்புறம் என்ன ஆச்சுன்னா, நான் வயசுக்கு வந்தேன், அன்னிக்கு சாத்தின கதவுதான். என் அண்ணனுங்க ரெண்டு பேரும் அதே வருஷம்தான் பம்புசெட் கெணத்துல நீச்சல் கத்துகிட்டாங்க, அப்பா முதுகுல சுரைக்குடுக்கைய கட்டி தள்ளி விடுவாரு, முங்கி முங்கி எழுந்து ஒரு வாரத்துல கெணத்த சுத்தி வந்தாங்க. நான் கெணத்து மேட்டுல அவங்க துணிய வச்சுகிட்டு உக்காந்திருந்தேன். எனக்கு யாரும் வேணாம்னுகூட சொல்லல அண்ணா, கேக்கணும்னே எனக்கு தோணல, அதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

2022 ஜூன்ல நெல்லிக்குப்பம் பக்கத்துல கெடிலத்துல தடுப்பணை கிட்ட குளிக்க எறங்கி ஏழு பேர் போனாங்களே, உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஏழு பேரும் பொண்ணுங்க. அன்னிக்கு ராத்திரி நான் தூங்கல. ஆறு ஓடற ஊர்ல பொறந்து, ஆத்தங்கரையிலயே வளந்து, தண்ணியில கைய எப்படி போடணும்னு எத்தன பொண்ணுக்கு சொல்லிக் குடுத்திருக்கோம் நாம? போறத தடுக்க மட்டும் தெரிஞ்சுது நமக்கு.

அடுத்த வருஷம் லீவுல என் பொண்ண மஞ்சக்குப்பம் அண்ணா ஸ்டேடியம் நீச்சல் குளத்துல சேத்தேன். கரையில உக்காந்து ரெண்டு நாள் பாத்தேன், மூணாம் நாள் நானும் எறங்கிட்டேன், எனக்கு அப்ப 39 வயசு. முதல் நாள் முகத்த தண்ணிக்குள்ள வைக்கவே பயமா இருந்துச்சு, பக்கத்துல எட்டு வயசு புள்ளைங்க எல்லாம் மீனு மாதிரி போவுது. இப்ப மல்லாக்க மெதப்பேன். பொண்ணு என்னவிட நல்லா நீந்துவா.

உங்க பையன் சைக்கிள்ல போறதப் பத்தி நாலு பேர் சொல்லுவாங்க. அவன் தாண்டிப் போகப் போறது கெடிலத்துப் பாலம் அண்ணா, அவனுக்கு நீச்சல் தெரியுமா? பொண்ணு இருந்தா அவளுக்கும் சேத்துதான் கேக்கறேன்.

பட்டினத்துக் கடல் எழுதியது:

வணக்கம் அண்ணே, நான் தேவனாம்பட்டினம். நீங்க ஏறி உக்காந்த கோட்டை செவுத்துலதான் நாங்களும் விளையாடினோம், வெளியூர் பசங்க மூணு பேர் ஒரே சைக்கிள்ல வந்தா நாங்கதான் காத்த புடுங்கி விடுவோம், அதுக்கு இப்ப மன்னிப்பு கேட்டுக்கறேன்.

எங்க ஊர்ல புள்ளைங்கள கடல்ல விடாம ஆனதுக்கு தேதி இருக்கு அண்ணே. 2004 டிசம்பர் 26, ஞாயித்துக்கெழம. ஞாயிறுன்னா காலைலயே புள்ளைங்க எல்லாம் கரையிலதான இருக்கும், ஒண்ணு வீட்டுல இருக்காது. எனக்கு அப்ப 19 வயசு, வலை வாங்க ஓ.டி., அதான் கடலூர் முதுநகர், வரைக்கும் போயிருந்தேன். திரும்பி வந்தப்ப என் கூட படிச்சவனோட தங்கச்சிய தேடிகிட்டு இருந்தாங்க, ஆறு வயசு, காலைல எங்கம்மாகிட்டதான் ஒரு கைப்பிடி கிளிஞ்சல காட்டிட்டு ஓடுச்சாம். அதுக்கு மேல அத எழுத என்னால முடியல.

அதுக்கப்புறம் பல வருஷம் எங்க ஊர் அம்மாங்க, கடல்ல பொறந்து கடல்ல பொழைக்கிறவங்க, புள்ள மணல்ல கால வச்சாலே கத்துவாங்க. மீன்புடிக்கிறவன் புள்ளைக்கு கடல் தெரியாம ஒரு செட்டே வளந்துடுச்சு. எங்க தாத்தா எனக்கு அஞ்சு வயசுல கட்டுமரத்துல உக்கார வச்சு கடல காட்டினாரு, இந்த தண்ணி இப்ப எந்தப் பக்கம் ஓடுதுன்னு சொல்லு பாப்போம்னு கேப்பாரு, தப்பா சொன்னா மண்டையில ஒரு கொட்டு. சும்மா ஒண்ணும் விடல அண்ணே எங்கள. சொல்லிக் குடுத்துட்டு விட்டாங்க.

உங்க பையன் மஞ்சக்குப்பம் வந்துட்டான்னா அங்கேர்ந்து பீச்சுக்கு வராம இருக்க மாட்டான், நீங்க வராம இருந்தீங்களா? அதனால இத இப்பவே சொல்லி வைங்க. அலை ஒடஞ்சு வெள்ளையா நுரையோட வர்ற எடத்துல கால நனைக்கலாம். ரெண்டு பக்கம் அலை ஒடையும், நடுவுல ஒரு சந்து மட்டும் ஒடையாம சும்மா இருக்கும், பாக்க அமைதியா இருக்கேன்னு வெளியூர்க்காரங்க அங்கதான் எறங்குவாங்க. கரைக்கு வந்த தண்ணி எல்லாம் திரும்ப உள்ள போற வழி அது, இழுத்துடும். இழுத்துச்சுன்னா கரையப் பாத்து நீந்தவே கூடாது, கை ஓஞ்சு போயிதான் சாவறாங்க. வடக்கயோ தெக்கயோ கரைக்கு பக்கவாட்டுல நீந்தி அந்த சந்த விட்டு வெளிய வரணும், வந்துட்டா அலையே கொண்டாந்து தள்ளிடும். முடியலன்னா மல்லாக்க கெடந்து கைய ஆட்டணும். ஐப்பசி கார்த்திகையில வாடைக்காத்து அடிக்கும்போது முழங்காலுக்கு மேல யாரும் எறங்க வேணாம், நாங்களே யோசிப்போம்.

ஒரு நாள் கூட்டிட்டு வாங்க அண்ணே, கரையில நிக்க வச்சு நானே காட்டறேன்.

கெடிலக்கரை எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மூணு வாரம் ஆச்சு, என்ன நடந்துச்சுன்னு சொல்லாம போனா தப்பு.

பலாத்தோப்பு தங்கச்சி கேட்ட கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல. பையனுக்கு நீச்சல் தெரியாது, எட்டு வயசு பொண்ணு ஒருத்தி இருக்கா, அவளப் பத்தி நான் என் பதிவுல எழுதவே இல்லங்கறது நீங்க கேட்டப்புறம்தான் எனக்கே ஒறச்சுது. ரெண்டு பேரையும் ஸ்டேடியத்துல சேத்தாச்சு.

வேன் அண்ணன் சொன்ன மாதிரி நாலு ஞாயிறு காலைல பின்னாடி போலாம்னு ஆரம்பிச்சேன், ரெண்டு ஞாயிறு போனதுமே பையன் நல்லா ஓட்டறான்னு தெரிஞ்சுது, பாலத்துல சொல்லாமயே எறங்கி தள்ளறான்.

நடுவுல ஒரு நாள் எங்கம்மாகிட்ட கேட்டேன், என்னை மட்டும் எப்படிம்மா விட்ட, உனக்கு பயமே இல்லையான்னு. கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சொன்னாங்க, தேவனாம்பட்டினத்துலேர்ந்து ஒரு அம்மா மீன் கூடை எடுத்துகிட்டு நம்ம தெருவுக்கு வருவாளே ஞாபகம் இருக்கா, லீவு நாள்ல அவ எப்ப வருவான்னு வாசல்லயே உக்காந்திருப்பேன், வந்ததும் எம்புள்ளைய பாத்தியான்னு கேப்பேன், மூணு பேரும் கோட்டை செவுத்து மேல உக்காந்திருக்காங்க, நல்லாத்தான் இருக்காங்கன்னுவா, அதக் கேட்டப்புறம்தான் அடுப்பையே பத்த வைப்பேன். அவ வெறுங்கையோட போவக்கூடாதேன்னு லீவு முழுக்க மீன் வாங்கினேன், உங்கப்பா இவ்ளோ மீன் எதுக்குன்னு திட்டுவாரு. இத எனக்கு 44 வயசு வரைக்கும் அவங்க சொன்னதே இல்ல.

நேத்து ஞாயிறு தனியா அனுப்பினோம். அதுக்கு முந்தின நாள் நானும் அவனும் நடந்தே அந்த வழி முழுக்க போனோம், பாலத்துக்கு இந்தப் பக்கம் பஞ்சர் கடை தாத்தா, அந்தப் பக்கம் பூ கட்டற அக்கா, மஞ்சக்குப்பத்துல டீக்கடைக்காரர், மூணு பேர்கிட்டயும் இவன் என் பையன், நாளைக்கு தனியா வருவான்னு சொன்னேன், என் நம்பர குடுத்தேன். பையன்கிட்ட, ஏதாவது ஆச்சுன்னா இவங்ககிட்ட போய் உக்காந்துக்கோன்னேன். மனைவி அப்பவும் சரின்னு வாயால சொல்லல, ஆனா காலைல அவனுக்கு முன்னாடி எழுந்து டயர்ல காத்து இருக்கான்னு அமுக்கிப் பாத்துகிட்டு இருந்தாங்க.

ஆறு நாப்பதுக்கு கெளம்பினான். ஏழு அடிச்சும் அம்மாகிட்டேர்ந்து போன் வரல. ஏழு அஞ்சுக்கு பஞ்சர் கடை தாத்தா கூப்பிட்டாரு. ‘தம்பி, சங்கிலி கழண்டுடுச்சு. நான் மாட்டறேன்னேன், வேணாங்கறான், அவனே மாட்டிகிட்டு இருக்கான். நான் தொடல. நீ வராத.’

கால் மணி நேர வழிக்கு நாப்பது நிமிஷம் ஆச்சு அவனுக்கு.